வாசலில் இரண்டு படிகள்: வழக்குப் போடலாமா?

கேள்வி:
கலிபோர்னியாவில் வசிக்கிறேன், பதினொரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில். வீட்டருகே தமிழர் ஒருவரின் சிறிய உணவகம். வாசலில் இரண்டு படிகள். மூன்று முறை சொல்லிவிட்டேன். "அடுத்த மாதம் பார்க்கலாம் தம்பி" என்கிறார். சென்ற வாரம் மகளின் பிறந்தநாளுக்குப் போனபோது, பரிமாறுபவர்கள் இருவர் என்னை மூட்டைபோலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வழக்குப் போட்டால் நான் பணம் பறிப்பவன் ஆகிவிடுவேனா?

பதில்:
நானும் கடைக்காரன்தான் அண்ணா. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டப்படி தனியார் வழக்கில் இழப்பீடு கிடையாது. சரிசெய்யும் உத்தரவும் வழக்கறிஞர் கட்டணமும்தான். கடைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கலிபோர்னியாவின் அன்ரூ சட்டமோ ஒரு மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர் தருகிறது. அதற்காகவே கடை கடையாக வழக்குப் போடுகிறவர்கள் உண்டு. கழிவறைக் கண்ணாடி விதியைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருந்ததற்கு எனக்கு நோட்டீஸ் வந்தது; அனுப்பியவரை நான் பார்த்ததே இல்லை. முதலில் கடிதம் கொடுத்துக் கெடு வையுங்கள்.

இன்னொரு பதில்:
மூன்று முறை கேட்டாயிற்றே! சமையலறையைப் பார்க்கச் சுகாதார ஆய்வாளர் வருகிறார். படியைப் பார்க்க யார் வருகிறார்கள்? பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடாவிட்டால் அந்தச் சட்டம் பெரும்பாலும் காகிதம்தான். போடுங்கள்.

கேட்டவர்:
இன்று அளந்தேன். படிகளின் மொத்த உயரம் 14 அங்குலம். 1:12 சரிவுக்கு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில், 14 அடிச் சாய்தளம் வேண்டும். முன்புறம் இடம் இருக்கிறது. சிறு தொழில்களுக்கு இதற்கென 5,000 டாலர் வரை வரிச் சலுகையும் உண்டு. எல்லாவற்றையும் எழுதி, 60 நாள் கெடு வைத்துக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் படி இருந்தால் நீதிமன்றம் போவேன். 4,000 டாலர் கேட்க மாட்டேன், சாய்தளம்தான் கேட்பேன்.