ஐரோப்பாவில் சிறுவர் செயலி: பெற்றோர் சம்மதம் எந்த வயது வரை?

கேள்வி: ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா மூன்றிலும் ஒரு படிப்புச் செயலி வரப்போகிறது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் பெற்றோர் சம்மதம் வாங்கினால் போதுமா?

மணிமாறன்: போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 8ஆம் பிரிவில் பொது வரம்பு 16. நாடுகள் 13 வரை இறக்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 16, பிரான்ஸில் 15, ஆஸ்திரியாவில் 14. எனவே முதல் திரையிலேயே நாட்டையும் பிறந்த வருடத்தையும் கேளுங்கள். "16 ஆகிவிட்டதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆம் என்றுதான் தட்டும். வருடக் கட்டத்தில் முன்கூட்டியே எதையும் நிரப்பி வைக்காதீர்கள். ஒரு விஷயம்: தகவலைக் கையாளச் சம்மதத்தையே சட்ட அடிப்படையாகக் கொண்டால்தான் இந்த வரம்பு பொருந்தும்.

கயல்: வயதோடு வேலை முடியாது, ஆரம்ப அமைப்புகளைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ அபராதம் போட்டது. சிறுவர் கணக்குகள் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும்படி இருந்தன; பெற்றோர் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு சேர்க்கும் 'குடும்ப இணைப்பு' வசதியில் சேரும் பெரியவர் உண்மையில் பெற்றோர்தானா என்றும் சரிபார்க்கவில்லை. சுயவிவரத்தை மூடியே வையுங்கள், இருப்பிடத்தை அணைத்து வையுங்கள்.

மணிமாறன்: கயல் சொன்னது முக்கியம். பிள்ளைகள் பதிவிடும் தளம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவும் வரும். பயனர் சிறுவர் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்தால், அவரது தகவலை அலசி விளம்பரம் காட்டக் கூடாது. பெற்றோர் சரி என்றாலும் இதற்கு விலக்கில்லை. வயதை அறிவதற்காகவே கூடுதல் தகவல் திரட்டும்படி அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவும் இல்லை. அடையாள அட்டைப் படங்களைச் சேமித்து வைக்காதீர்கள்.