தர்க்க மொழிக்கு வேர்ச்சொல் அமைப்பது எப்படி?

ரோஸ்ஹில்வாசி:
வணக்கம். வீட்டில் கிரியோல், வகுப்பில் தமிழ் என்று வளரும் மொரீசியஸ் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன தர்க்க மொழி (வாக்கிய அமைப்பில் இரட்டைப் பொருள் வராதபடி செயற்கையாகக் கட்டும் மொழி) வடிவமைக்கிறோம். 600 வேர் போதும். அறிவியல் வகைப்பாட்டைச் சொல்லுக்குள்ளேயே வைக்க எண்ணம்: 'க' உயிரினம், 'கா' விலங்கு, 'காபி' மாடு, 'காபு' ஆடு. வேர் ஈரசை, 'மா', 'தி' போன்ற இடைச்சொல் ஓரசை. தேறுமா?

மொக்கா_மேகம்:
வகைப்பாட்டை விட்டுவிடுங்கள். ஆங்கில அறிஞர் ஜான் வில்கின்ஸ் 1668இல் தன் செயற்கை மொழியில் இதைத்தான் செய்தார். 40 பெருவகை, 'டெ' பூதம் (நெருப்பு, நீர் போன்றவை), 'டெப்' நெருப்பு, 'டெபா' சுவாலை. சந்தை இரைச்சலில் கடைசி எழுத்து காதில் விழாவிட்டால் சூழலும் கைகொடுக்காது, மாடு வரும் இடத்தில் ஆடும் பொருந்துமே. ('காபி' என்று சொல்லி மாட்டைக் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பது தனிக்கதை.) அறிவியலும் நின்ற இடத்தில் நிற்காது. புளூட்டோ 2006இல் கோள் பட்டியலிலிருந்து போனது. பெயருக்குள் 'கோள்' இருந்திருந்தால் பெயரையே மாற்றணும். 1987இல் தொடங்கிய லோஜ்பான் என்ற தர்க்க மொழியின் சுமார் 1,350 வேர்களில் வகைக்குறி கிடையாது.

மாயெபூர்க்காற்று:
இன்னொரு ஓட்டை: 'மாதி' ஒரு வேரா, 'மா', 'தி' என்ற இரண்டு இடைச்சொல்லா? பேச்சில் இடைவெளி கேட்காது. லோஜ்பான் வேருக்குள் இரண்டு மெய் கட்டாயம் சேர்ந்து வரும், இடைச்சொல்லில் வராது. அதையே எடுங்கள்: 'கஸ்தி', 'லம்பி' மாதிரி.

முதல் மெய் பத்து: ப த க ம ந ல ர வ ய ஸ. ஷ வேண்டாம், கிரியோலில் அது ஸ-வாகிவிடும். நடுவில் ஒன்பது கூட்டு: ம்ப ந்த ங்க, ல்ப ல்த ல்க, ஸ்ப ஸ்த ஸ்க. 'ன்ப' வேகமாகப் பேசினால் 'ம்ப'வோடு கலக்கும். 'ர்' வேண்டவே வேண்டாம், கிரியோல் பேசுகிற வாயில் அசையிறுதி ரகரம் தேய்ந்துபோகும். உயிர் ஐந்து, குறில் நெடில் பேதமில்லை. 10×5×9×5 = 2,250 வடிவம்.

ரோஸ்ஹில்வாசி:
நன்றி. எந்த இரண்டு வேரும் குறைந்தது இரண்டு இடத்தில் வேறுபடணும் என்று விதித்தால் 600 தேறுமா?

மாயெபூர்க்காற்று:
தேறாது. வேரில் நான்கு இடம்: முதல் மெய், உயிர், கூட்டு, உயிர். பின் மூன்று இடமும் ஒத்துப்போகும் இரு வேர்கள் முதல் மெய்யில் மட்டும்தான் வேறுபடும். எனவே உச்சவரம்பு 5×9×5 = 225. விதியை ஒரே துறைச் சொற்களுக்குள் வையுங்கள். மாடு, ஆடு, கோழி தள்ளித் தள்ளி இருக்கட்டும். மாடும் வர்க்கமூலமும் ஓரெழுத்தில் வேறுபட்டால் குடி முழுகாது.

மொக்கா_மேகம்:
இலக்கணத்துக்கு வருவோம். 'பெரிய மீன் கடை'யில் பெரிது மீனா, கடையா? முதல் இரண்டு சொல் முதலில் சேரும் என்று வையுங்கள். கடைதான் பெரிது என்றால் 'மீன்', 'கடை' இரண்டையும் இறுக்க ஓர் இடைச்சொல். அது மீன் விற்கும் கடையா, மீன் வடிவக் கடையா என்பதை இலக்கணம் தீர்க்காது, லோஜ்பானும் தீர்க்கவில்லை. 'எல்லாரும் ஒரு புத்தகம் படித்தார்கள்' என்றால் ஒரே புத்தகமா, ஆளுக்கொன்றா? முன்னால் வரும் அளவுச்சொல்லுக்கே வீச்சு அதிகம் என்று விதியுங்கள்: 'எல்லாரும்' முன்னால் வந்தால் ஆளுக்கொன்றாகவும் இருக்கலாம், 'ஒரு புத்தகம்' முன்னால் வந்தால் ஒரே புத்தகம்.

காலத்துக்குக் கிரியோலின் 'தி', 'பெ', 'ஃபின்', 'பு' போல வினைக்கு முன் தனிச்சொல் போதும், பிள்ளைகளுக்குப் பழகியது. கட்டாயமாக்க வேண்டாம்.

விதிகளை எர்லி வகைப் பாகுபடுத்தியில் (வாக்கியத்தை இலக்கணப்படி பிரித்து, பொருந்தும் எல்லா அமைப்பையும் காட்டக்கூடிய நிரல்) ஏற்றி 50 வாக்கியம் ஓட்டுங்கள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மரம் (எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்ற வரைபடம்) வந்தால் விதியில் ஓட்டை. பெக் (PEG) என்ற இன்னொரு வகைப் பாகுபடுத்தியில் மட்டும் சோதிக்காதீர்கள். அது முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு ஒரே மரம் தரும், மற்றது கண்ணில் படாது.