டேனிஷ் தேக்கு என்று விற்கப்பட்ட அலுமாரி: நாட்டையும் மரத்தையும் எப்படி உறுதிசெய்வது?

வன்னிக்காடு:
வணக்கம். இலண்டனுக்கு வெளியே பழைய தளபாடங்கள் விற்கும் கடையொன்றில், ஏழடி நீளமும் இடுப்பளவு உயரமும் உள்ள தாழ்ந்த அலுமாரி ஒன்றை வாங்கினேன். இடப்பக்கம் மூன்று லாச்சிகள், வலப்பக்கம் நகர்த்தித் திறக்கும் இரு கதவுகள், கீழ்நோக்கிக் கூம்பிய உருண்டைக் கால்கள். 1960களின் டேனிஷ் தேக்கு என்று சொல்லி, அதற்கேற்ற விலையையும் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். ஊரில் முதிரைக் கதவையும் தேக்குக் கட்டிலையும் தொட்டு வளர்ந்த எனக்கு, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஐயம் பிறந்தது. பின்மூலையில் பெயர்ந்திருக்கும் இடத்தில், மெல்லிய மரத்தோலுக்கு அடியில், மரத்தூளைப் பசையிட்டு அழுத்தியது போன்ற பலகை தெரிகிறது. வெளிப்புறத்தில் பெயரோ முத்திரையோ எதுவும் இல்லை. இது போலியா?

மரவாசம்:
வெனீர், அதாவது நீங்கள் சொன்ன மெல்லிய மரத்தோல், ஒட்டியது என்பதாலேயே போலி ஆகிவிடாது. நம் ஊரில் மரச்சாமான் என்றால் முழுமரம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அந்தக் காலத்தில் டென்மார்க்கின் நல்ல பட்டறைகளிலும் அலுமாரியின் அகன்ற பரப்புகளுக்கு ஒட்டுப்பலகையின் மேல் தேக்கு வெனீரையே ஒட்டினார்கள். அகன்ற முழுப்பலகை, குளிர்காலத்தில் சூடேற்றப்படும் வீட்டின் உலர்ந்த காற்றில் சுருங்கி வெடிக்கக்கூடும். வெனீர் ஒட்டிய பலகை அப்படி அசைவதில்லை. விலையுயர்ந்த மரத்தை மிச்சப்படுத்தியது இன்னொரு காரணம்.

மரத்தை அறிய வெனீரைப் பார்ப்பதை விட, முழுமரத்தில் செய்த கால்களையும் கைப்பிடிகளையும் பாருங்கள். காலின் அடியில் உள்ள உலோகக் குப்பியைக் கழற்றி, குறுக்காக அறுபட்ட முகத்தை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தேக்கில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். தேய்த்த இடத்தில் தோல்பதனிடும் வாசனை போன்ற ஒன்றும், விரலில் மெழுகுப் பிசுபிசுப்பும் இருக்கும். துளைகள் சிறியவையாக, முகம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தால், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அஃப்ரோர்மோசியாவாக இருக்கலாம். பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் தேக்குக்கு மாற்றாக அதை நிறையப் பயன்படுத்தின. ஈரம் பட்ட இரும்புத் திருகாணியைச் சுற்றி நீலங்கலந்த கருங்கறை இருந்தால் அந்த ஐயம் இன்னும் வலுக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அறுபது ஆண்டு வெயிலும் எண்ணெயும் எல்லா மரத்தையும் ஒரே பழுப்பாக்கிவிடும்.

பழையலாச்சி:
மரவாசம் சொன்னது மரத்துக்குச் சரி, ஆனால் மரம் நாட்டைச் சொல்லாது. தேக்கு டென்மார்க்கிலும் விளையாது, இங்கிலாந்திலும் விளையாது. 1897இல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்ட கிழக்காசியக் கம்பெனி சியாமின் (இன்றைய தாய்லாந்து) தேக்கு வணிகத்தில் ஊறியது என்பதால் டேனியர்களுக்கு அந்த மரம் முன்பே பழக்கம். போருக்குப் பிறகு இரு நாட்டுத் தளபாடக்காரர்களும் கப்பலில் வந்த அதே மரத்தைத்தான் அறுத்தார்கள்.

ஆகவே லாச்சிகளை வெளியே இழுத்து, உட்பக்கச் சுவர்களையும் அடிப்பலகையையும் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டேனிஷ் பொருளானால், 1959இல் தொடங்கிய தளபாட உற்பத்தியாளர் தரக் கட்டுப்பாட்டின் வட்ட முத்திரை இருக்கலாம். இல்லாவிட்டால் டேனிஷ் அல்ல என்று முடிவுகட்டவும் கூடாது. பின்பலகையைத் திருப்பியும் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்த மலிவான ஹார்ட்போர்டை ஆணியடித்திருந்தால், அது சுவரோரம் நிற்பதற்கென்றே பெருமளவில் செய்த பொருள்.

பிரிட்டனில் போர்க்காலக் கட்டுப்பாட்டின் கீழ் வந்த 'யுட்டிலிட்டி' தளபாடத் திட்டம் 1952இல் முடிந்தது. மறு ஆண்டே ஹை விக்கம் நகரின் கோம் நிறுவனம் ஜி பிளான் என்ற தளபாட வரிசையைத் தொடங்கியது. டேனிஷ் தளபாடங்களுக்கு மவுசு ஏறிய காலத்தில், 1962இல், டென்மார்க்கின் வடிவமைப்பாளர் இப் கோஃபோட்-லார்சனையே அழைத்து ஒரு டேனிஷ் வரிசையை வடிவமைக்க வைத்தது. வடிவம் டேனியருடையது, தொழிற்சாலை ஆங்கிலேயருடையது. கடைக்காரர்கள் வசதியாக முதல் பாதியை மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

வன்னிக்காடு:
இருவருக்கும் நன்றி. மேல் லாச்சியின் உட்சுவரில், அழுக்கைத் துடைத்ததும், பொன்னிற எழுத்தில் ஜி பிளான் முத்திரை தெரிந்தது. பின்பலகை ஹார்ட்போர்ட்தான். கால்களின் அடிமுகத்தில் துளைகள் சிறியவை, வளைய வரிசை இல்லை; குப்பியைப் பிடித்திருந்த ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறையும் உண்டு. ஆனால் மேற்பலகை வெனீரில் பெரிய துளைகள் கோடு கோடாக ஓடுகின்றன. இரண்டும் ஒரே மரமாகத் தெரியவில்லையே?

மரவாசம்:
அப்படியானால் மேலே தேக்கு வெனீர், கால்கள் அஃப்ரோர்மோசியா என்றே கொள்கிறேன். ஒரே பொருளில் இரண்டையும் சேர்த்து, ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து முடிப்பது அன்று வழக்கம். பிற்காலத்தில் மாற்றிய கால்கள் என்று கருத வேண்டாம். பெயர்ந்த மூலையை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த முயலாதீர்கள்; வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

வன்னிக்காடு:
கடைக்காரரிடம் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாமா?

பழையலாச்சி:
முதலில் ரசீதைப் பாருங்கள். டென்மார்க்கில் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தால், முத்திரையைப் படமெடுத்துக்கொண்டு தாராளமாகப் போய்க் கேளுங்கள். 'டேனிஷ் பாணி' என்று எழுதியிருந்தால், எழுதியவர் உங்களை விட முன்பே லாச்சியை இழுத்துப் பார்த்திருக்கிறார்.