சிந்தாதிரிப்பேட்டையில் நெசவுக்குச் சுவடு ஏதும் மிஞ்சியிருக்கிறதா?

வரைபடப்பிரியன்:
கட்டடக்கலை மாணவர்கள் இருபது பேரை வரும் ஞாயிறு அங்கே அழைத்துப் போகிறோம். நெசவாளர் ஊர் என்று படித்திருக்கிறார்கள். இப்போது கண்ணில் படுவது மீன் மார்க்கெட்டும் கடைகளும்தான். எதைக் காட்டலாம்? கூவக் கரையோடு நடக்க முடியுமா?

பாவுநூல்:
வீட்டைத் தேடாதீர்கள், தெருவைக் காட்டுங்கள். 1734-இல் சென்னை கவர்னர் மார்ட்டன் பிட், கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து நெசவாளர்களைக் குடியேற்றினார். ஏற்றுமதித் துணி ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நூற்பவர், வண்ணார், கோயில் பணியாளர் என்று சிலருக்கே இடம். வீடு கட்டக் கடனும் கொடுத்தார்கள்.

நெசவுக்கு நீளமான தெரு வேண்டும். பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவிவிட வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை அறும். அதனால் விடியற்காலை வேலை. அய்யா முதலி தெருவில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, அங்கே தொடங்கலாம். பழைய ஓட்டு வீடு எதையாவது காட்டி 'இது 1734' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லங்காஷயர் மில் துணி வந்து தறி படுத்த பிறகு கட்டியவைதான் பெரும்பாலும்.

கூவம்வாசி:
பேட்டையை மூன்று பக்கம் ஆறு வளைக்கிறது. துணி வெளுக்கத் தண்ணீர், உலர்த்தக் கரை, இரண்டுமே அன்றைக்கு வாசலிலேயே இருந்தன. இன்று கரையோடு நடக்கும் யோசனையை விடுங்கள், பாலத்தின் மேல் நின்று பாருங்கள். பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயிலில் வந்தாலும் ஆற்றைக் கடப்பீர்கள்.

நாற்றத்துக்குக் காரணம் கேட்பார்கள். ஆற்றின் மேற்பகுதியில், கொரட்டூர் அணைக்கட்டில் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பிவிடுகிறது; மழைக்காலம் போனால் ஓடுவது சாக்கடை. கீழே, துறைமுகம் கட்டியதிலிருந்து அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து, நேப்பியர் பாலத்துக்கு அப்பால் முகத்துவாரம் அடைபடுகிறது. தோண்டினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். கடல்நீர் ஏறி இறங்காததால் சேறு வளைவிலேயே தங்கிவிடும்.

எழும்பூரான்:
கரையில் குடிசை போட்டிருந்தவர்களை விட்டுவிட்டீர்களே. தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரை 2019 டிசம்பரில் இடித்தார்கள். பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் விடிகாலையில் அங்கிருந்து எப்படி வந்து சேர்வார்? ஆற்றைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள்.

அப்புறம், ஞாயிறு வேண்டாம் சார். மீன் வாங்க வரும் கூட்டத்தில் இருபது பேரைச் சேர்த்து நிறுத்தவே முடியாது. சனிக்கிழமை ஆறரைக்குத் தொடங்குங்கள்.