மறுமொழி: இன்டர்மிட்டன்ட் ஃபால்ட் – ‘இடைவிடு பழுது’

குழுவினருக்கு வணக்கம். காரில் வருவதும் மறைவதுமாக இருக்கும் பழுதான ‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் ‘கண்சிமிட்டும் எச்சரிக்கை’, ‘முறைப்பழுது’ என்ற பரிந்துரைகள் வந்துள்ளன.

‘கண்சிமிட்டும் எச்சரிக்கை’ என்ற பரிந்துரையைக் கைவிடும்படி வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். காரில் சிமிட்டலுக்கென்று தனிப்பொருள் உண்டு. ஓட்டுநருக்கு முன்னால் பழுதை அறிவிக்கும் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால், சிலிண்டரில் எரிபொருள் ஒழுங்காகப் பற்றவில்லை, புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி கெட்டுவிடலாம் என்று பொருள்; வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும். நாம் பெயர் தேடுவதோ இன்று எரிந்து, நாளை அணைந்து, அடுத்த வாரம் மறுபடி தலைகாட்டும் விளக்கின் பழுதுக்கு.

‘முறைப்பழுது’, குறித்த இடைவெளியில் வந்துவந்து போகும் முறைக்காய்ச்சலை ஒட்டி அமைந்த அழகான சொல். ஆனால் பழைய வண்டியின் பழுது முறை வைத்து வருவதில்லை. மழை பெய்தால் வரும், பள்ளத்தில் இறங்கினால் வரும், ஒர்க்‌ஷாப் வாசலில் காணாமல் போகும்.

ஆகவே ‘இடைவிடு பழுது’. ‘இடைவிடாத மழை’ என்று எல்லோரும் சொல்வதால் உடனே விளங்கும். ‘ஊறுகாய்’ என்ற சொல்லைப் போல வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும். எனக்கு அதுவே முக்கியம். விளக்கு அணைந்திருக்கும்போதும் பழுது உள்ளேதான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைப் பாருங்கள். இறுக்கமாகவே தெரியும், கழற்றினால் அடியில் களிம்பும் துருவும் பூத்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். சுரண்டித் துடைத்து இறுக்கினால் தீரக்கூடிய பழுதுக்குச் சென்சார் சென்சாராக மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறார்களே என்று வயிறெரிகிறது.

‘பென்டிங் கோடு’, ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ ஆகிய துணைச்சொற்கள் இரண்டுக்கும் தமிழ் வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான, வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 முறையில், பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே எஞ்சின் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தில் பதிவாகும் பென்டிங் கோடுக்கு ‘நிலுவைக் குறியீடு’ சரியாக இருக்கும். பழுது பதிவானபோது இருந்த வேகம், எஞ்சின் சூடு முதலியவற்றைச் சேமிக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமுக்கு ‘உறைபதிவு’. பேட்டரியைக் கழற்றினால் இரண்டும் அழிந்துபோகலாம். ஆகவே எர்த்தில் கைவைப்பதற்கு முன், குறியீடுகளைக் காட்டும் ஸ்கேனர் கருவியில் படித்துவிட வேண்டும் என்பதைச் சொல்விளக்கத்திலேயே சேர்க்கலாம்.

‘உறை’ என்றதும் கடித உறை நினைவுக்கு வருமென்றால் ‘கணப்பதிவு’ என்று வைக்கலாமா? மெக்கானிக்குகளிடம் பழகுபவர்கள் சொல்லுங்கள்.