கண்ணாடிக் குழாய் வளைய மாட்டேங்குது, அவசரம்

மாடிலேப்: சுண்ணாம்புத் தண்ணி சோதனைக்கு 'எல்' மாதிரி வளைச்ச குழாய் ரெண்டு வேணும். எவ்வளவு சூடாக்கினாலும் வளையல. கேஸ் டார்ச் வச்சா மடிஞ்சு ஓட்டை அடைச்சுக்குது. என்ன தப்பு? நாளைக்குள்ள வேணும்.

அரத்தூள்: எதுல சூடாக்கினீங்க? எத்தனை மி.மீ.? என்ன கண்ணாடி?

நீலச்சுடர்: சுடர்தான். எப்பவுமே சுடர்தான். குழாயைத் திரிக்குப் பக்கத்துல பிடிச்சிருப்பீங்க. சுடரோட மேல் பாதியிலதான் சூடு.

மாடிலேப்: ஸ்பிரிட் விளக்கு, 6 மி.மீ. கண்ணாடி கண்ணாடிதானே?

மூத்தகுடுவை: இதைக் கேட்டுட்டு ஆரம்பிச்சிருந்தா ஒரு நாள் மிச்சம், தம்பி. சோடா கண்ணாடி 700 டிகிரி செல்சியஸ் வாக்குல இளகும். சூடு தாங்குற லேப் கண்ணாடியான போரோசிலிகேட் 820 கேட்கும், ஸ்பிரிட் விளக்கு குழாயை அந்த அளவுக்குச் சூடாக்காது. ஒரு துண்டைக் கிளிசரின்ல முக்கிப் பாருங்க. மறைஞ்சுபோனா போரோ. விளிம்பு பளிச்சுனு தெரிஞ்சா சோடா. இதெல்லாம் அடிப்படை.

அரத்தூள்: கிளிசரின் இல்லன்னா சூரியகாந்தி எண்ணெயே போதும். ரெண்டுக்கும் ஒளிவிலகல் எண் 1.47 பக்கம், போரோவும் அதேதான், அதனாலதான் மறையுது. சோடா 1.52.

டார்ச்ல மடியறதுக்குக் காரணம், ஒரே புள்ளியில சூடு. 90 டிகிரி வளைவுக்கு 5 செ.மீ. நீளமாவது இளகணும். ரெண்டு ஸ்பிரிட் விளக்கை ஒட்டி வைங்க. குழாயைச் சுடரோட நீளவாட்டுல பிடிச்சு, விடாம உருட்டிக்கிட்டே இருங்க. சுடர் மஞ்சளாகி, குழாய் தன் எடையிலேயே தொய்ய ஆரம்பிச்சதும் வெளிய எடுத்து, ரெண்டு எண்ணிட்டு, முனைகளை மேல் நோக்கி ஒரே மூச்சுல வளைங்க. சுடருக்குள்ளயே வளைச்சா வெளிவளைவு மெலிஞ்சு உள்வளைவு சுருங்கும். ஆற வைக்கிறது செங்கல் மேல, கிரானைட் மேடையில வேண்டாம்.

சிக்கனம்: குழாய்க்கு எதுக்குக் காசு? பழைய டியூப் லைட்டை அறுத்துக்கலாமே.

மூத்தகுடுவை: உள்ள பாதரசம் இருக்கு. சிக்கனம் அந்த அளவுக்கு வேணாம்.

சிக்கனம்: சரி, குடுவைக்குக் குண்டு பல்பு? அடியில ஈயப் பொட்டைப் பிடுங்கி, கருப்புக் கண்ணாடியை நொறுக்கி, இழைத்தண்டை உடைச்சு எடுத்தா குடுவை ரெடி.

நீலச்சுடர்: அதுவும் சோடாதானே, சூட்டுல வெடிக்கும்.

சிக்கனம்: ஊறுகாய் பாட்டில்தான் வெடிக்கும், அடி தடிமன், உள்ளுக்கும் வெளிக்கும் சூடு வித்தியாசம் ஏறிடும். பல்புச் சுவர் காகிதம் மாதிரி மெலிசு, மெதுவா ஏத்தினா தாங்கும்.

மூத்தகுடுவை: தாங்கும், மூடி ஒட்டின பசை தாங்காது. கழுத்துலயிருந்து கழண்டு மொத்தமும் கையில வரும்.

சிக்கனம்: கழுத்தை எதுக்குச் சூடாக்கறீங்க?

அரத்தூள்: இங்க பேச்சு குழாயைப் பத்தி. @மாடிலேப் அறுக்கும்போது முக்கோண அரத்தால ஒரே ஒரு கீறல், ஈரம் தொட்டு, கீறலுக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு கட்டை விரலையும் வச்சு இழுத்தபடியே ஒடிங்க. முனையைச் சுடர்ல காட்டி மழுங்கடிங்க, இல்லன்னா ரப்பரை அறுத்திடும்.

மாடிலேப்: எண்ணெயில குழாய் காணாமப் போச்சு. போரோதான். சோடா வாங்கி ரெண்டு வளைச்சேன். ஒண்ணு கார்க்குல சொருகும்போது வளைவுலயே ஒடிஞ்சது.

அரத்தூள்: வளைவைப் பிடிச்சுத் தள்ளினீங்களா? துணி சுத்தி, கார்க்குக்கு 2 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, கிளிசரின் தடவித் திருகுங்க. கார்க் ஓட்டை சிறுசா?

நீலச்சுடர்: வளைச்சதும் உடனே ஆற விட்டிருப்பீங்க. கரிப்புகைச் சுடர்ல காட்டி ஆத்தணும். சொன்னேனே, சுடர்தான்.