ரியூபாவை நம்பி ஜாஸில் வாழ முடியுமா?

குருநகர்ப்பெடியன்:
எனக்கு 19 வயது. பள்ளிக்கூட பாண்டில் ஐந்து வருடம் ரியூபா என்ற, அடிச்சுரம் தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை ஊதினேன். ஆள் உயரம் என்பதால்தான் மாஸ்டர் அதை என்னிடம் தந்தார். இப்போது விட மனமில்லை. ஆனால் ஐந்து வருடமும் ஊதியது 'பூம் பூம்' மட்டும்தான். ஜாஸ் கேட்கத் தொடங்கிய பிறகு சொந்தமாக எழுதவும் ஆசை வந்திருக்கிறது. "இதை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்று அம்மா கேட்கிறா. ரியூபாவை மட்டும் நம்பி யாராவது வாழ்ந்திருக்கிறார்களா?

பாசையூரான்:
தம்பி, 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு ஹவாட் ஜோன்சனைக் கேளுங்கள். 1941இல் அலபாமாவில் பிறந்து ஒஹாயோவில் வளர்ந்தவர். ரியூபாவைத் தானாகவே பழகினார், பரிட்டோன் சக்ஸபோனும் ஊதுவார். 1963இல் நியூயோர்க் போனவர் அடுத்த வருடமே பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர் சார்ள்ஸ் மிங்கஸின் குழுவில் இருந்தார். அப்புறம் ஜாஸ் குழுக்களுக்கு இசை எழுதிய கில் எவன்ஸோடு பல வருடம். இரண்டு வாத்தியம் கையில் இருந்தபடியால்தான் அழைப்புகள் நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு அவரில் பிடித்தது வேறு. 1960களின் கடைசியில் ரியூபாக்காரரைச் சேர்த்தே ஒரு குழு தொடங்கினார். 1971இல் தாஜ் மஹால் என்ற புளூஸ் பாடகர் மேடையில் நான்கு ரியூபாக்களோடு பாடிப் பதிவு செய்தார், அதில் ஒன்று இவருடையது. ஆனால் அந்த ரியூபாக் குழுவின் சொந்த இசைத்தட்டு, கிராவிட்டி என்ற பெயரில், 1990களின் நடுவில்தான் வந்தது. கால் நூற்றாண்டு விடாமல் வைத்திருந்தார்! 2021இல் காலமானார்.

மேல் சுரங்களில் அவர் வாய்ப்பாட்டுப் போலவே ஊதுவார். கோயில் மண்டபத்தில் தனியே இருந்து நானும் முயன்றேன். மூன்று நிமிடத்தில் சொண்டு மரத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள், அவசரப்பட வேண்டாம்.

இணுவில் அக்கா:
நாங்கள் நாதஸ்வரக் குடும்பம். அப்பு ஒத்து ஊதினவர். விடியவிடியத் திருவிழாவில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சுருதிப்பெட்டி வந்ததும் அந்த வேலையும் போய்விட்டது. நியூ ஓர்லியன்ஸ் தெருப் பாண்டுகளில் அடிச்சுரம் பிடித்த ரியூபாவுக்கும் இதேதான் நடந்தது. 1930களுக்குள் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

அதனால்தான் 1948இல் ட்ரம்பெட் ஊதும் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் சேர்த்த ஒன்பது பேர் குழு எனக்கு முக்கியம். டபுள் பேஸ் இருந்தும் பில் பார்பரின் ரியூபாவையும் வைத்தார்கள். அந்த நாதத்துக்காக! கில் எவன்ஸும் ஜெரி மலிகனும் அதைப் பிரெஞ்சு ஹோர்னோடு இணைத்து எழுதினார்கள். எழுதுகிறவர் நினைத்தால் வாத்தியத்துக்கு இடம் கிடைக்கும் தம்பி, அதனால் எழுதப் பழகுங்கள். பார்பர் பிறகு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

குருநகர்ப்பெடியன்:
நன்றி அண்ணா, அக்கா. சொன்னேன். "அப்ப படிப்பிக்கவும் பழகு" என்றா. எங்களிடம் இருப்பது ஒரு ரியூபாவும், அதைப் போலவே ஆனால் சிறிதான இரண்டு யூபோனியமும்தான். அதற்கு எழுதலாமா?

பாசையூரான்:
தாராளமாக. ஞாயிறு பூசை முடிய மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு யூபோனியம் நான் ஊதுகிறேன்.